களியக்காவிளை – நாகர்கோவில் விரைவுப் பேருந்து: மிச்சமாகும் நேரத்துக்குப் பயணிகள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று கணக்கிடுவது எப்படி?

குழித்துறைப் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலின் வடசேரிப் பேருந்து நிலையத்துக்குக் காலையிலும் மாலையிலும் சில நிறுத்தங்களில் மட்டும் நின்று செல்லும் பேருந்துகளை இயக்கக் கோரி, எங்கள் பகுதிப் பயணிகள் சிலர் சேர்ந்து ஒரு விரிவான மனு தயாரித்து வருகிறோம். "மக்களுக்குப் பெரும் நன்மை" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் அதைப் படிப்பவருக்கு முடிவெடுக்க ஒன்றும் கிடைக்காது. ஆகவே, மிச்சமாகும் நேரத்தைப் பயணிகள் எத்தனை ரூபாய்க்கு மதிக்கிறார்கள் என்பதை ஒரு சிறு ஆய்வு செய்து மனுவோடு இணைக்க விரும்புகிறோம்.

எங்கள் வரைவு வினாத்தாளின் மையக் கேள்வி இது: "மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நேரம் 20 நிமிடம் குறையுமானால், இப்போதைய கட்டணத்துக்கு மேல் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள்?" இதைத் தெரிந்தவர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தோம். ஒரு சாரார், பேருந்தை ஒழுங்காக ஓட்டுவது அரசின் கடமை, அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர முடியாது என்கிறார்கள். வேறு சிலர் யோசிக்காமல் 50 என்றும் 100 என்றும் சொல்கிறார்கள். இன்னும் சிலர், வண்டி வேகமாகப் போவதைவிட முதலில் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும் என்கிறார்கள். பெண்களிடம் கேட்டால், சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகிறோமே, எதற்குக் கொடுக்க வேண்டும் என்ற எதிர்க்கேள்வி வருகிறது.

கேள்வியை எப்படி அமைத்தால் நம்பத்தகுந்த எண் கிடைக்கும்? பூஜ்யம் என்று சொல்பவர்களைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? கட்டணமில்லாமல் பயணம் செய்யும் பெண்களின் நேரத்துக்கு மதிப்புக் காண வழி உண்டா? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நாகர்கோவில் பொருளியல் ஆசிரியர்

நல்ல முயற்சி. தங்களுக்குக் கிடைத்த பதில்கள் அப்படி அமைந்ததற்குக் காரணம் கேள்வியில்தான் இருக்கிறது. நம் வாழ்க்கையில் யாரும் பேருந்து நடத்துநரிடம், "இந்தப் பயணத்துக்கு நான் இத்தனை ரூபாய் தருகிறேன்" என்று விலை சொல்வதில்லை. அவர் கட்டணத்தைச் சொல்கிறார்; நாம் ஏறுகிறோம், அல்லது அடுத்த வண்டிக்கு நிற்கிறோம். பழக்கமில்லாத ஒரு கணக்கைத் திடீரென்று மனத்துக்குள் போடச் சொன்னால், ஒருவர் கொள்கையைப் பேசுவார், இன்னொருவர் கேட்பவரை மகிழ்விக்கப் பெரிய எண்ணைச் சொல்வார், மற்றொருவர் குறைவாகச் சொன்னால் கட்டணம் உயராது என்று எண்ணிக் குறைத்துச் சொல்வார். மூன்றுமே அவர்கள் உண்மையில் கொடுக்கக்கூடிய தொகையைக் காட்டுவதில்லை.

ஆகவே தொகையை நீங்கள் சொல்லுங்கள். ஆம் அல்லது இல்லை என்ற பதிலை மட்டும் அவர்களிடமிருந்து பெறுங்கள். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பிறகு, கடலுக்கும் கரைக்கும் ஏற்பட்ட இழப்பை மக்களிடம் கேட்டு மதிப்பிட முடியுமா என்ற விவாதம் அமெரிக்காவில் எழுந்தது. கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ ஆகிய இரு நோபல் பொருளியலாளர்கள் இணைந்து தலைமை வகித்த குழு 1993இல் தந்த அறிக்கை, வாக்கெடுப்பைப் போல ஒரு குறிப்பிட்ட தொகைக்கு ஆம் அல்லது இல்லை என்று கேட்கும் முறையையே பரிந்துரைத்தது. பேருந்துக்கும் அது பொருந்தும்.

செயல்முறையில் இப்படிச் செய்யலாம். 5, 10, 15, 20 ரூபாய் என்று நான்கு வகைத் தாள்களை அச்சிட்டுக் கலந்து வையுங்கள். ஒருவருக்கு ஒரு தாள்தான். எந்தத் தாள் என்பது குலுக்கலில் அமைய வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை சதவீதம் பேர் ஆம் என்றார்கள் என்று பாருங்கள். விளக்கத்துக்காக நானே எண்களை வைத்துக்கொள்கிறேன்: 5 ரூபாய்க்கு 80 சதவீதம், 10 ரூபாய்க்கு 55, 15 ரூபாய்க்கு 30, 20 ரூபாய்க்கு 10 சதவீதம் பேர் ஆம் என்றதாகக் கொள்வோம். அப்படியானால் 25 சதவீதம் பேரின் உச்சத்தொகை 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அவர்களைக் குறைந்த எல்லையான 5 ரூபாயிலேயே வைக்கிறோம். அவ்வாறே அடுத்த 25 சதவீதத்தினரை 10 ரூபாயிலும், 20 சதவீதத்தினரை 15 ரூபாயிலும், கடைசி 10 சதவீதத்தினரை 20 ரூபாயிலும், 5 ரூபாய்க்கே இல்லை என்ற 20 சதவீதத்தினரைப் பூஜ்யத்திலும் வைத்துச் சராசரி கண்டால் 8 ரூபாய் 75 காசு வரும். 20 நிமிடத்துக்கு 8.75 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 26 ரூபாய் 25 காசு. வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்ட எண் இது என்பதால், கேள்வி எழுந்தாலும் தாங்கள் உறுதியாக நிற்கலாம்.

ஒரு தொகைக்கு 100 பேர் வீதம் 400 பேரிடமாவது கேளுங்கள். 100 பேரில் கிடைக்கும் சதவீதத்தில் ஏறக்குறைய 10 புள்ளிகள் மேலும் கீழும் போகலாம். அதற்கும் குறைவானவர்களைக் கேட்டால் நான்கு தொகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடே மங்கிவிடும்.

"இல்லை" என்றவர்களிடம் மட்டும் காரணத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "எனக்கு அந்த 20 நிமிடத்தால் பயனில்லை" அல்லது "கையில் அவ்வளவு பணம் இல்லை" என்பவருடைய பூஜ்யம் உண்மையான பூஜ்யம். அதைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். "இது அரசின் கடமை" என்பவர் நேரத்தின் மதிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பணம் கேட்கும் முறையை எதிர்க்கிறார். அவர்களைச் சேர்த்து ஒரு முறையும் விலக்கி ஒரு முறையும் சராசரி கண்டு, இரண்டு எண்களையும் மனுவில் காட்டுவதே நேர்மை.

மேலே கண்ட சராசரித் தொகையைக் கட்டணமாக நிர்ணயிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே எண்களை மீண்டும் பாருங்கள். 10 ரூபாய் கூடுதல் வைத்தால் 100 பேருக்கு 550 ரூபாய் வரும். 5 ரூபாய் வைத்தால் 400 ரூபாய்தான் வரும். வருமானத்தை மட்டும் பார்ப்பவர் 10 ரூபாயைத் தேர்ந்தெடுப்பார், ஆனால் அப்போது 45 பேர் விரைவு வண்டிக்கு வெளியே நிற்பார்கள். தங்கள் ஆய்வு இந்த 45 பேருக்கு எதிராகப் பயன்பட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. நன்மையை அளக்க ஒரு எண், வசூலிக்க வேறொரு எண் என்று மனுவில் தெளிவாகவே எழுதுங்கள்.

பார்வதிபுரம் பொறியாளர்

ஆசிரியர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் வாயால் கேட்பதற்கு முன், மக்கள் ஏற்கெனவே காலாலும் பணத்தாலும் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2018 ஜனவரியில் கட்டணம் உயர்த்தப்பட்டுப் பின்னர் சிறிது குறைக்கப்பட்டபோது, புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசும் விரைவுப் பேருந்துக்கு 75 காசும் என்று அமைந்தது. மார்த்தாண்டம் – நாகர்கோவில் சுமார் 30 கிலோமீட்டர் என்று கொண்டால், வழித்தடத்தை நிலைகளாகப் பிரித்துக் கட்டணம் வாங்குவதால் வரும் சிறு மாற்றங்களை விட்டுவிட்டுப் பார்க்கும்போது வேறுபாடு 5 ரூபாய். விரைவு வண்டி 10 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தால், அதைத் தெரிந்து தேர்ந்தெடுத்தவர் மணிக்குக் குறைந்தது 30 ரூபாய் என்று தம் நேரத்தை மதித்திருக்கிறார் எனலாம்.

"தெரிந்து தேர்ந்தெடுத்தவர்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் மார்த்தாண்டத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் முதலில் வரும் வண்டியில் ஏறுகிறார்கள். அவர்கள் விரைவு வண்டியில் இருப்பதற்குக் காரணம் அது முதலில் வந்தது என்பதுதான். ஆகவே வண்டிக்குள் இருப்பவர்களை எண்ணினால் போதாது. நிறுத்தத்தில் நின்று, வந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் மட்டுமே பணத்தையும் நேரத்தையும் எதிரெதிரே வைத்து முடிவெடுக்கிறார்கள். கட்டணம் வாங்கும் வண்டியை விட்டுவிட்டு, கட்டணமில்லாத வண்டிக்காக 20 நிமிடம் நிற்கும் பெண் ஒருவர் அதனால் 15 ரூபாயை மிச்சம் செய்கிறார் என்றால், அந்த வேளையில் அவருடைய காத்திருப்பு நேரத்தின் மதிப்பு மணிக்கு 45 ரூபாய்க்கு மேல் இல்லை என்று அது காட்டுகிறது. அதே பெண் மழையிலோ, பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரத்திலோ 15 ரூபாய் கொடுத்து ஏறினால், அப்போது அந்த மதிப்பு 45ஐத் தாண்டுகிறது. தங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவர்களுடைய நேரத்துக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. அளவுகோலின் தொடக்கப் புள்ளி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வண்டிக்குள் கழியும் நிமிடமும் நிறுத்தத்தில் நிற்கும் நிமிடமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். பல நாட்டு ஆய்வுகளில் காத்திருக்கும் நேரமும் நடக்கும் நேரமும் உட்கார்ந்து பயணிக்கும் நேரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கனமாக உணரப்படுகின்றன. "முதலில் நேரத்துக்கு வரட்டும்" என்று தங்களிடம் சொன்னவர்கள் பேச்சை மாற்றவில்லை; தங்கள் கேள்விக்குத்தான் துல்லியமாகப் பதில் சொன்னார்கள்.

குழித்துறைப் பயணி

இருவருக்கும் நன்றி. பொறியாளர் சார் சொன்ன முறையில் பார்க்கும்போது ஒரு சந்தேகம் எழுகிறது. திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி ரயில் பாதை 1979 முதல் இருக்கிறது. குழித்துறையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பயணிகள் ரயிலில் கட்டணமும் குறைவு, ஓடும் நேரமும் பேருந்தைவிடக் குறைவு. அப்படியிருந்தும் மார்த்தாண்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் பேருந்தில்தான் போகிறார்கள். குறைந்த பணத்தில் கிடைக்கும் வேகத்தையே வேண்டாம் என்கிறார்களே, இவர்கள் நேரத்தை மதிக்கவில்லை என்றுதானே அதிகாரிகள் முடிவுக்கு வருவார்கள்?

பார்வதிபுரம் பொறியாளர்

வரமாட்டார்கள்; வந்தால் அது தவறு என்று காட்டத் தங்களிடம் சான்று இருக்க வேண்டும். ரயில் ஓடும் நேரம் பயணத்தின் ஒரு பகுதிதான். மார்த்தாண்டம் சந்தையிலிருந்து குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும், முன்கூட்டியே போய் நிற்க வேண்டும், இறங்கிய பின் நாகர்கோவில் சந்திப்பு அமைந்துள்ள கோட்டாறிலிருந்து வடசேரிக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது உடனே கிடையாது. தக்கலைக்காரருக்கு இரணியல் நிலையம் இன்னும் தொலைவு. வீட்டு வாசலிலிருந்து வேலையிடத்து வாசல் வரை கணக்கிட்டு, அதில் ஆட்டோக் கட்டணத்தையும் சேர்த்தால், ரயில் மலிவாகவும் இருப்பதில்லை, விரைவாகவும் இருப்பதில்லை. எனவே வினாத்தாளில் ஒவ்வொருவரிடமும் இந்த முழு நேரத்தைத் துண்டு துண்டாகக் கேளுங்கள்: நடந்தது, நின்றது, ஏறிப் போனது, மாறி ஏறியது, மீண்டும் நடந்தது.

இந்தத் துண்டுகளைத் தனித்தனியே மதிப்பிடும் முறைக்கு டேனியல் மெக்ஃபேடனின் பணி நல்ல எடுத்துக்காட்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1972இல் பார்ட் என்னும் விரைவு ரயில் தொடங்குவதற்கு முன்பே, மக்கள் காரையும் பேருந்தையும் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற விவரங்களைத் திரட்டி, வேலைக்குச் செல்வோரில் எத்தனை பேர் அந்த ரயிலுக்கு வருவார்கள் என்று அவருடைய குழு கணித்தது. அதிகாரபூர்வ மதிப்பீடு 15 சதவீதம் என்று சொன்ன இடத்தில் அவர்களுடைய கணிப்பு 6.3 சதவீதம்; நடந்தது 6.2. இந்த வகை ஆய்வு முறைகளுக்காக 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேகமாக வண்டி விட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அங்கும் இருந்தது, இங்கும் இருக்கிறது.

நம் அளவில் இதைச் செய்ய, தேர்வு அட்டைகள் போதும். ஒரு அட்டையில் இரண்டு பேருந்துகள். முதல் பேருந்து: கட்டணம் 20 ரூபாய், பயணம் 75 நிமிடம், காத்திருப்பு 5 நிமிடம். இரண்டாவது: கட்டணம் 30 ரூபாய், பயணம் 55 நிமிடம், காத்திருப்பு 10 நிமிடம். எதில் ஏறுவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். இந்த மூன்று அளவுகளையும் மாற்றி மாற்றி வைத்து ஒருவரிடம் ஆறு அல்லது எட்டு அட்டைகள் காட்டலாம். அதற்கு மேல் காட்டினால் களைத்துப்போய் எதையாவது தொடுவார்கள். திரட்டியதை லாஜிட் என்னும் கணிப்பு முறையில் போட்டால், ஒரு நிமிடப் பயணம் எவ்வளவு சுமை, ஒரு நிமிடக் காத்திருப்பு எவ்வளவு சுமை, ஒரு ரூபாய்க் கட்டணம் எவ்வளவு சுமை என்று மூன்று எண்கள் வரும். பயணத்துக்கு 0.03, காத்திருப்புக்கு 0.06, கட்டணத்துக்கு 0.06 என்று வந்ததாக வைத்துக்கொண்டால், முதல் எண்ணைக் கட்டண எண்ணால் வகுக்க நிமிடத்துக்கு அரை ரூபாய், அதாவது மணிக்கு 30 ரூபாய் கிடைக்கும். காத்திருப்புக்கு மணிக்கு 60 ரூபாய். கட்டணமில்லா வண்டியையும் ஒரு அட்டையில் சேர்த்துவிட்டால் பெண்களின் தேர்வும் இதே கணக்குக்குள் வந்துவிடுகிறது.

வந்த எண் பொருத்தமானதா என்று பார்க்கக் கூலியோடு ஒப்பிடுங்கள். நாளுக்கு 800 ரூபாய்க் கூலியில் 8 மணி நேரம் உழைப்பவருக்கு ஒரு மணி நேரம் 100 ரூபாய். பயண நேரத்தைக் கூலியின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மதிப்பது பல நாட்டு வழக்கம். நம் நாட்டில் நெடுஞ்சாலைத் திட்டங்களின் பயனைக் கணக்கிட இந்தியச் சாலைகள் காங்கிரஸின் எஸ்.பி. 30 கையேடு இருக்கிறது. நேரத்துக்கு ரூபாய் மதிப்பு வைப்பது அதிகாரிகளுக்குப் புதிது இல்லை என்பதால் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

மாதிரி எடுக்கும் இடம் பற்றியும் ஒரு சொல். பேருந்துக்குள் மட்டும் கேட்டால், பொறுமை இழந்து இருசக்கர வாகனத்துக்கு மாறிவிட்டவர்கள் விடுபட்டுப் போவார்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் 100 ரூபாய் என்று வைத்தாலும் 30 கிலோமீட்டருக்கு 60 ரூபாய் செலவழிக்கிறார்கள். விரைவு வண்டியில் முதலில் ஏறக்கூடியவர்கள் அவர்களாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கூடுதல் பணம் முழுவதையும் நேரத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நினைத்த நேரத்தில் புறப்படும் வசதிக்கும், வழியில் சாமான் வாங்கி வரும் வசதிக்கும் அதில் பங்குண்டு.

இனயம் கடற்கரையிலிருந்து

பெரியவர்கள் விளக்கியதெல்லாம் பயனுள்ளவை. ஆனால் நெடுஞ்சாலையில் நிற்பவர்களை மட்டும் வைத்து இந்த மாவட்டத்தின் பயணிகளைக் கணக்கிட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கடலோர ஊர்களிலிருந்து மீன் விற்கப் போகும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்குக் காலையில் ஒரு மணி நேரம் என்பதும் மதியம் திரும்பும்போது ஒரு மணி நேரம் என்பதும் ஒரே பொருள் உடையவை அல்ல. காலையில் தாமதமானால் மீனின் விலை இறங்குகிறது. சந்தையில் முதலில் வந்தவர் நல்ல இடத்தைப் பிடித்துவிடுகிறார். வீட்டுக்கு வீடு விற்பவருக்கு வாடிக்கையாளர் அதற்குள் வேறொருவரிடம் வாங்கிவிடுகிறார். அதனால்தான் கட்டணமில்லாப் பேருந்து இருந்தும், நான்கைந்து பேர் சேர்ந்து ஆட்டோவுக்கோ சிறு வேனுக்கோ பங்கிட்டுப் பணம் கொடுத்துப் போகிறார்கள். இதை நீங்கள் எந்தத் தேர்வு அட்டையும் இல்லாமல் கடற்கரையில் நின்றே கேட்டு எழுதிக்கொள்ளலாம். திரும்பும்போது அதே பெண்கள் வெறும் பாத்திரத்தோடு கட்டணமில்லா வண்டிக்காகப் பொறுமையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். நாள் முழுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டால் காலையின் அவசரமும் மதியத்தின் பொறுமையும் கலந்து, இரண்டையும் காட்டாத ஒரு சராசரிதான் வரும். கேட்கும் வேளையையும் பயணத்தின் நோக்கத்தையும் தாளில் எழுதுங்கள். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் பாத்திரத்தை ஏற்றிச் செல்லும் வசதிக்கும் பங்கிருப்பதால், பொறியாளர் இருசக்கர வாகனத்துக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், செய்த வேலைக்கு ஏற்பக் கூலி வாங்கும் பெண்களுக்கும், விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் இதே போல் அவரவர் வேளை உண்டு. பால் வெட்டுகிறவர் போகும் நேரத்தில் பல வழித்தடங்களில் பேருந்தே கிடையாது. அவரிடம் வேகத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பதில் பொருளில்லை, வண்டி இருந்தால் போதும் என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரூபாயில் அளந்தால் திருவனந்தபுரத்தில் கணினி நிறுவனத்துக்குப் போகும் ஒருவருடைய பத்து நிமிடம், எங்கள் ஊர் அம்மா ஒருவருடைய ஒரு மணி நேரத்தைவிடக் கனமாகத் தெரியும். அந்த அம்மாவிடம் கொடுப்பதற்குப் பணம் குறைவு என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. அவருடைய நேரம் குறைந்தது என்பதை இல்லை. வழித்தடங்களுக்கு முன்னுரிமை கொடுக்க இந்தக் கணக்கு பயன்படுமானால், எல்லோருக்கும் ஒரே மணி மதிப்பை வைத்து ஒரு முறை கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

நாகர்கோவில் பொருளியல் ஆசிரியர்

இனயத்துச் சகோதரி சொன்ன கடைசிக் கருத்து முற்றிலும் சரி. வருமானம் எதுவாயினும் எல்லாருக்கும் ஒரே சராசரி மதிப்பை வைப்பது பல அரசுகளின் மதிப்பீடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். அதோடு, ரூபாயாக மாற்றுவதற்கு முன் ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் யார் யாருக்கு மிச்சமாகிறது என்ற அட்டவணையையும் தனியே தாருங்கள். வேளையைப் பிரித்துக் கேட்பது பற்றி அவர் சொன்னதை நான் என் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று எண்ணும் அளவுக்கு அது முக்கியமானது. 400 பேரில் பாதியைக் காலைப் பயணத்தில் கேளுங்கள்.

தக்கலை ஓய்வூதியர்

போக்குவரத்துத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குறைந்த நிறுத்தம் என்றால் சாமியார்மடம், அழகியமண்டபம், வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை ஆகிய இடங்களில் சிலவற்றையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே நிற்பவருக்கு இந்தத் திட்டத்தால் நேரம் மிச்சமாகாது. இப்போது ஓடும் வண்டிகளையே மாற்றி விரைவாக்கினால் அவருடைய காத்திருப்பு கூடும். காத்திருப்புக்கு இரண்டு மடங்கு கனம் என்று பொறியாளர் தம்பி சொன்னது அப்போது எதிர்ப்பக்கத்தில் வேலை செய்யும். மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் கிடைக்கும் நன்மையிலிருந்து இந்த இழப்பைக் கழித்த பின் மிஞ்சுவதே உண்மையான நன்மை. அழகியமண்டபம் ஒரு சந்திப்பு, சுங்கான்கடையில் கல்லூரி மாணவர்கள் பெருந்திரளாக இறங்குகிறார்கள். இந்த இரண்டு இடங்களிலும் கட்டாயம் தாள்களைக் கொடுத்துக் கேட்க வேண்டும்.

மார்த்தாண்டம் மேம்பாலம் 2018இல் திறக்கப்பட்டபோதும் இந்த வேறுபாடு வெளிப்பட்டது. மேலே ஏறிப் போகும் வாகனத்துக்கு நேரம் மிச்சமாயிற்று. மார்த்தாண்டத்தில் ஆளை இறக்கி ஏற்ற வேண்டிய பேருந்து பாலத்துக்குக் கீழேதான் போக வேண்டும். ஒரே சாலையில் ஒரே வேலையால் எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் மிச்சமாவதில்லை.

பயணிகள் கொடுக்கும் தொகையில் சேராத ஒரு நன்மையும் இருக்கிறது. ஒரு வண்டி போய்த் திரும்பும் சுற்று 3 மணி நேரத்திலிருந்து 2 மணி 24 நிமிடமாகக் குறைந்தால், 12 மணி நேரத்தில் 4 சுற்றுக்குப் பதில் 5 சுற்று ஓட்டலாம். அதே வண்டி, அதே பணியாளர்கள், ஒரு சுற்று கூடுதல். போக்குவரத்துக் கழகத்தின் மேசையில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்பதால் மனுவின் முதல் பக்கத்திலேயே இதை வையுங்கள்.

குழித்துறைப் பயணி

பெரியவருக்கு மிக்க நன்றி. சகோதரி சொன்னதற்கேற்பக் கடலோர ஊர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். இன்னும் ஒரே ஒரு கேள்வி. மனுவில் கட்டணம் இவ்வளவு என்று நாங்களே ஒரு தொகையை முன்மொழியலாமா, அதைக் கழகத்தின் முடிவுக்கு விட்டுவிடலாமா?

தக்கலை ஓய்வூதியர்

புதிய தொகை எதையும் முன்மொழிய வேண்டாம். விரைவுப் பேருந்துக்கு ஏற்கெனவே அரசு நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது. அந்தக் கட்டணத்திலேயே, இப்போது ஓடும் சாதாரண வண்டிகளில் எதையும் நிறுத்தாமல், காலை நெரிசல் நேரத்தில் சில நடைகளையும் மாலையில் சில நடைகளையும் மூன்று மாதம் சோதனையாக விடும்படி கேளுங்கள். நடத்துநர் கையில் இருக்கும் மின்னணுப் பயணச்சீட்டு இயந்திரத்தில் எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை சீட்டு, எந்த நேரத்தில் என்பது பதிவாகிவிடும். கட்டணமில்லாச் சீட்டும் அதில் தனியாகத் தெரியும். சோதனைக்கு முந்திய மாதத்தில் அதே நேரத்தில் ஓடிய சாதாரண வண்டிகளின் பதிவையும் கையோடு கேட்டு வாங்கி வையுங்கள். அது இல்லாவிட்டால், விரைவு வண்டியில் ஏறியவர்கள் சாதாரண வண்டியிலிருந்து வந்தவர்களா, வேறு வாகனத்திலிருந்து வந்தவர்களா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.